பனியன் போடும் கூலர்: ராயபுரச் சூழலில் ஒரு மதிப்பீட்டு ஆய்வு

கம்ப்யூட்டர் பிராசஸருக்குத் தனியாக வாங்கிப் பொருத்தும் காற்றுக் கூலரை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றி உலகம் நிறையவே எழுதிவிட்டது. வரைபடங்களுக்கும் டெசிபல் கணக்குகளுக்கும் குறைவில்லை. அரை டிகிரி வித்தியாசத்துக்கு அரைப் பக்க விவாதம்கூட உண்டு. ஆனால் அந்த எழுத்து முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. அறைக் காற்றில் காற்று மட்டுமே இருக்கிறது என்பதே அது. பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூர் ராயபுரத்தில் இந்த அனுமானம் செல்லாது. இங்கே காற்றில் நூல் இருக்கிறது. நூலாகத் தகுதி பெறாமல் உதிர்ந்த இழை அதைவிட அதிகமாக இருக்கிறது. குளிரூட்டிய அறையில், அன்று காலை பெட்டியிலிருந்து எடுத்த கூலரைச் சோதித்து வழங்கும் தீர்ப்பு, அந்த ஒரு நாளுக்கு மட்டுமே உரியது. முதல் நாளில் எல்லாக் கூலரும் நல்ல கூலர்தான். தொண்ணூறாவது நாளில் அது என்ன உடுத்தியிருக்கிறது என்பதே இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: பனியனுக்கு எது குணமோ அதுவே கூலருக்குக் குற்றம், ஆகவே பனியனை அளக்க இந்த ஊர் வைத்திருக்கும் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்தால் கூலரையும் அளந்துவிடலாம்.

முதலில் கூலரின் இலக்கணம். பிராசஸர் என்பது மின்சாரத்தை வாங்கி, போகிற போக்கில் கணக்குப் போட்டுவிட்டு, வாங்கியதை முழுவதும் வெப்பமாகத் திருப்பித் தரும் ஒரு சில்லு. அந்த வெப்பம் வெப்பக் கடத்திப் பேஸ்ட் வழியாகச் செம்பு அடிப்பாகத்துக்கும், அங்கிருந்து ஹீட் பைப் வழியாக அலுமினியத் தகடுகளுக்கும், தகடுகளிலிருந்து ஃபேன் தள்ளும் காற்றுக்கும் போகிறது. ஹீட் பைப்பின் உள்ளே சிறிதளவு திரவம், பெரும்பாலும் தண்ணீர், காற்று நீக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. சூடான முனையில் அது ஆவியாகிறது. குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியாகத் திரும்பி வருகிறது. இதற்கு முதல் காப்புரிமை வாங்கியது 1940களில் ஜெனரல் மோட்டார்ஸின் கௌக்லர். 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் குரோவர் அதைத் தனியாகக் கண்டடைந்த பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. விண்கலத்துக்காக வளர்ந்த அந்தப் பொருள் இன்று கணக்கு மென்பொருளான டேலி ஓடும் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் (மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில்) ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 237, அசையாத காற்றுக்கு 0.026. இந்த மூன்றாவது எண்ணை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வழக்கு அதன் மேல்தான் நடக்கப் போகிறது.

இனிக் கணக்கு. ஒரு கூலரின் தகுதியை, ஒரு வாட் வெப்பத்துக்கு அது அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏற விடுகிறது என்ற ஒற்றை எண்ணால் சொல்லலாம். அந்த எண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். 65 வாட் வாங்கும் பிராசஸர் அறையைவிட 19.5 டிகிரி அதிகமாக இருக்கும். எந்தக் காற்றுக் கூலரும், எவ்வளவு விலை கொடுத்தாலும், அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. பொருள் ஆறும் வேகம் சுற்றுப்புறத்தோடு உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701இல் பெயர் போடாமல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னதற்கு இன்னும் மேல்முறையீடு இல்லை. எனவே 22 டிகிரி அறையில் 41.5 காட்டிய அதே கூலர், சித்திரை மாதம் 38 டிகிரி ஹாலில் 57.5 காட்டும். இது கூலரின் குற்றமில்லை. இன்டெலின் ஐ5-12400 போன்ற ஒன்று முழு வேகத்தில் 117 வாட் வரை வாங்கும். அப்போதும் 73 டிகிரிதான் வருகிறது. இப்போது தகடுகளை அடைத்து, 0.3 என்பதை 0.6 ஆக்குங்கள். 65 வாட்டில் 77 டிகிரி. 117 வாட்டில் 108. அந்தச் சில்லு 100 டிகிரியில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது என்பதால் 108 வராது. அதற்குப் பதில் மார்க்கர், அதாவது துணியில் உருப்படிகளை அடுக்கும் வரைபடம், போட எடுக்கும் நேரம் நீளும், மாஸ்டர் இன்னொரு டீ குடிப்பார், குறை சாஃப்ட்வேர்மேல் எழுதப்படும். வெயில் கூட்டியது 16 டிகிரி. அடைப்பு கூட்டியது அதைவிட அதிகம், அதுவும் வருடம் முழுவதும். வெயிலைக் குறை சொல்வதே வழக்கமாகிவிட்ட ஊரில் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடைப்பது எது? தூசி என்பது பொதுச்சொல். சென்னைத் தூசி மண், தூத்துக்குடித் தூசியில் உப்பு. ராயபுரத்துத் தூசி பருத்தி. நிட்டிங் மெஷினில் நூல் வழிகாட்டிகளையும் ஊசிகளையும் உரசிக்கொண்டு ஓடும்போது குட்டை இழைகள் உதிர்கின்றன; அவை துணியில் விழுந்து பின்னப்பட்டுவிடாமல் இருக்க மெஷினின் தலைமேல் ஃபேன் சுழன்று ஊதிக்கொண்டே இருக்கிறது. அதாவது பஞ்சைத் தன்னிடமிருந்து துரத்துவதற்கென்றே அங்கே ஓர் இயந்திர ஏற்பாடு உண்டு. துரத்தப்பட்டது எங்கே போகும் என்பது அந்த ஏற்பாட்டின் கவலை அல்ல. ஓவர்லாக்கின் கத்தி துணியோரத்தை நறுக்கும்போது உதிர்வது தனி. கட்டிங் டேபிளில் அடுக்கு அடுக்காக வெட்டும்போது எழுவது தனி. கார்டட் நூல் ஓடினால் அதிகம், கோம்டு நூல் ஓடினால் குறைவு. சீவும் கட்டத்திலேயே மில்லில் குட்டை இழைகள் பிரிந்துவிடுவதே காரணம். ஆகவே கூலரின் ஆயுளை நிர்ணயிப்பதில் நூல் வாங்கும் முடிவுக்கும் பங்கு உண்டு; இதைக் கூலர் கம்பெனிகள் உத்தரவாத அட்டையில் எழுதுவதில்லை. ஊசி எண்ணெயின் நுண்துளிகளும் இதனோடு சேரும்போது பஞ்சு வெறும் பஞ்சாக இல்லாமல் ஒட்டும் கம்பளம் ஆகிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, ஒரு கம்பெனியின் பஞ்சை அடுத்த கம்பெனிக்கு ஜாப் ஒர்க் போல மாற்றிக் கொடுக்கிறது. தையலே இல்லாத ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் பஞ்சு இருப்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது.

இனி அளவுகள் மோதும் இடம். கோபுர வடிவக் கூலரில் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 2 மி.மீ. நல்ல பருத்தி இழையின் நீளம் 28 மி.மீ. பக்கம், உதிர்ந்து பறக்கும் குட்டை இழை, அரை அங்குலத்துக்கு உட்பட்டது, என்றாலும் 10, 12 மி.மீ. இருக்கும். அப்படிப்பட்ட ஓர் இழை குறுக்காக வந்து விழுந்தால் ஐந்தாறு இடைவெளிகளைப் பாலம் போட்டுக் கடக்கிறது. மண் தூசி தகடுகளுக்கு நடுவே நுழைந்து பெரும்பகுதி மறுபக்கம் வெளியேறிவிடும். இழை நுழையாது; வாசலிலேயே படுக்கும். அடுத்தது அதன் மேல் படுக்கும். ஃபேன் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகளில் அவற்றை அழுத்திக்கொண்டே இருக்க, சில வாரங்களில் தகடுகளின் முகத்தில் ஊசியில்லாமல், டிசைன் இல்லாமல், ஆர்டரும் இல்லாமல் ஒரு துணி தயாராகிவிடுகிறது. அது சுவாசிக்கும் துணிதான், ஆனால் மெதுவாக. அதன் இழைகளுக்கு நடுவே அசையாத காற்று சிறைபட்டிருக்கிறது. அந்தக் காற்றின் எண் 0.026. பனியன் குளிர்காலத்தில் உடம்புக்குச் செய்யும் உதவியும் இதே உதவிதான். கூலர் பனியன் போட்டுக்கொண்டுவிட்டது.

இங்கே ஊர்க்காரர் ஒரு தடை எழுப்புவார், எழுப்பவும் வேண்டும். பருத்திப் பனியன் குளிர்ச்சி தருவதாலல்லவா உலகம் முழுவதும் விற்கிறது? அதைக் கூலர் போட்டுக்கொண்டால் எப்படிச் சூடாகும்? தடை வலுவானது, விடை உடலியலில் இருக்கிறது. பனியன் குளிர்விப்பது வேர்வையை உறிஞ்சி, அதை ஆவியாக விடுவதால். வேர்க்காத உடம்புக்கு அது போர்வை. பிராசஸருக்கும் ஒருவகை வேர்வை உண்டு என்று வாதிடலாம். ஹீட் பைப்புக்குள் ஆவியாகிக்கொண்டிருக்கும் தண்ணீர் அதுவே. ஆனால் அந்த வேர்வை செம்புக் குழாய்க்குள் சீல் வைக்கப்பட்டு, உள்ளேயே சுற்றிவருகிறது. வெளியே போட்டிருக்கும் பனியனுக்கு ஒரு துளியும் எட்டுவதில்லை. எட்டினால் கூலர் கெட்டுவிட்டது என்று பொருள்.

துணி என்று ஒப்புக்கொண்டபின் அளவை எளிது. ராயபுரத்தில் துணியின் தரத்தை ஜி.எஸ்.எம். கட்டர் சொல்லும். அது வட்டமாக 100 சதுர செ.மீ. வெட்டும், எடை போட்டு நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது வந்துவிடும். அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 11.3 செ.மீ. பெரும்பாலான கூலர்களின் ஃபேன் 12 செ.மீ. ஆகக் கூலரின் முகத்திலிருந்து உரித்தெடுத்த பஞ்சுத் துணி கட்டரின் வட்டத்துக்குள் வெட்டிப் போட்டாற்போலப் பொருந்துகிறது. இரண்டு தொழில்களும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே அளவுக்கு வந்து சேர்ந்திருப்பது தற்செயல்தான். என்றாலும் நம்மைப் போன்ற போலி ஆய்வாளர்கள் தற்செயலை வீணாக்குவதில்லை. உரித்த வட்டம் 1.4 கிராம் இருந்தால் 140 ஜி.எஸ்.எம்.; கூலர் சிங்கிள் ஜெர்சி போட்டிருக்கிறது, ஃபேனைக் கழற்ற வேண்டிய கட்டம். 2.2 கிராம் என்றால் இன்டர்லாக். பிராசஸர் வேகத்தைக் குறைக்கத் தொடங்கியிருக்கும். 3 கிராமைத் தொட்டால் ஃபிலீஸ். ஐரோப்பாவுக்கு அனுப்பலாம், கம்ப்யூட்டருக்குள் வைக்கக் கூடாது. எண்ணெய் கலந்த பஞ்சு எடையைக் கூட்டிக் காட்டுமே என்றால், காட்டட்டும். எண்ணெய் கலந்தது அதிகமாக அடைக்கவும் செய்கிறது. துணியிலேயே கூட்டலும் குறைத்தலுமாக 5 சதவீதம் பையர் விட்டுக்கொடுக்கிறார். அவரைவிடக் கறாராக இருக்கக் கூலருக்கு உரிமையில்லை.

இந்தத் துணியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது வரலாற்றாய்வாளருக்கும் உதவும். நிட்டிங் ஹால் கம்ப்யூட்டரில் அது ஒரே அழுக்கு வெள்ளையாக இருக்கும். சாயம் ஏறாத துணி அங்கே ஓடுவதே காரணம். கட்டிங், தையல் நடக்கும் இடத்தில் அடுக்கு அடுக்காக நிறம் மாறும்: அடியில் நேவி, அதன் மேல் மெலாஞ்ச், மேலே கிறிஸ்துமஸ் ஆர்டரின் சிவப்பு. இதே நொய்யல் கரையில் கிழக்கே கொடுமணலில் அகழாய்வு செய்தவர்களுக்கு மண்ணடுக்குகள் எதைச் சொன்னனவோ அதை இது கம்பெனிக்குச் சொல்லும், ஆர்டர் புத்தகத்தைத் திறக்காமலே. இதை மேலும் வளர்க்கலாம். வளர்த்தால் வாதம் வழிதவறும்.

இனித் தீர்ப்பு. பிராசஸரோடு பெட்டியில் வரும் கூலரில் ஃபேன் தகடுகளின் தலைமேல் உட்கார்ந்து கீழ்நோக்கி ஊதுகிறது. பஞ்சு ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே படிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகளில் லேசான தூசி, அவ்வளவுதான். உள்ளே இன்டர்லாக் தயார். ஒழுங்காக எடுக்க வேண்டுமானால் பல மாடல்களில் கூலரையே போர்டிலிருந்து கழற்ற வேண்டும். நான்கு பிளாஸ்டிக் ஆணிகளைத் திருகி இழுக்க வேண்டும். அவற்றில் ஒன்று ஒரு நாள் திரும்பப் பிடிக்காது. பேஸ்ட் மறுபடி பூச வேண்டும். இத்தனை சடங்கு இருந்தால் சுத்தம் செய்வது வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் நடக்கும். தனியாக வாங்கும் கோபுரக் கூலரிலோ ஃபேன் பக்கவாட்டில் நிற்கிறது. பல மாடல்களில் இரண்டு கம்பிக் கிளிப்புகள் அதைப் பிடித்திருக்கின்றன. கிளிப்பை விரலால் நெம்பினால் ஃபேன் கையோடு வரும், கூலர் இருந்த இடத்திலேயே இருக்கும், பேஸ்ட் கலையாது, தகடுகளின் முகத்தில் பஞ்சுத் துணி உரிக்கக் காத்திருக்கும். ஆகவே, நான்கு ஹீட் பைப்பா ஆறா, அடிப்பாகம் நிக்கலா செம்பா என்று ஆய்வுலகம் தர்க்கம் செய்துகொண்டிருக்க, இந்த ஊரில் கூலரின் தலையாய உறுப்பு சில ரூபாய் பெறாத அந்தக் கம்பிக் கிளிப்தான். ஃபேனை ஸ்குரூ போட்டு மூடி, மேலே அலங்காரத் தகடு பொருத்திய கூலர் எத்தனை டிகிரி குறைத்தாலும் ராயபுரத்தில் தோல்வி. தகடுகள் நெருக்கமாக இருப்பது சோதனை அறையில் மதிப்பெண் வாங்கித் தரும். இங்கே இடைவெளி அதிகமுள்ளதே நல்லது, பாலம் போட இழை சற்றே சிரமப்படும்.

சத்தத்துக்கு மதிப்பெண் இல்லை. ஓவர்லாக் வரிசையாக ஓடும் ஹாலில் கூலரின் முணுமுணுப்பைக் கேட்டவர் எவரும் இருக்க முடியாது. எடைக்கு உண்டு. ஆஸ்திரியாவின் நோக்டுவா 2014இல் கொண்டுவந்த என்எச்-டி15 ஃபேன்களோடு 1,320 கிராம். உயரம் 165 மி.மீ. அரைக்கை டீ-சர்ட்டில் ஏழெட்டு பீஸ் எடை, மதர்போர்டில் பக்கவாட்டில் தொங்குகிறது. சர்வீசுக்குப் போகும் சிபியு டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பலகையில், தோண்டிப் போட்ட தெருக்களைக் கடந்துதான் போகிறது என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். நம் கடைகளில் விற்கும் மலிவான கேபினெட்டின் கதவும் அந்த உயரத்துக்குப் பெரும்பாலும் மூடாது. கதவைத் திறந்தே வைத்துக்கொள்வது தீர்வு என்றால், அது பஞ்சுக்கு அழைப்பிதழ். வண்ண விளக்கு ஃபேனைப் பலர் விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள், ஒதுக்கக் கூடாது. விளக்கு மங்கினால் பஞ்சு ஏறியிருக்கிறது. இந்தச் சேவையைத் தயாரித்தவர்களே அறியாமல் வழங்குகிறார்கள்.

கேபினெட் முகப்பில் வலை போட்டால் போதுமே என்பாரும் உளர். வலை பனியனை ஒழிப்பதில்லை, அதைக் கூலர் உடம்பிலிருந்து கேபினெட் உடம்புக்கு மாற்றுகிறது. எனினும் மாற்றியது நல்ல இடம். கதவைத் திறக்காமலே உரிக்கலாம். ஏற்கிறோம், ஒரு நிபந்தனையோடு: பின்பக்க ஃபேன் ஒன்று மட்டும் காற்றை வெளியே இழுக்கும் கேபினெட்டில், காற்று வலையை மட்டும் நம்பி வராது, ஒவ்வொரு சந்திலும் நுழையும். தண்ணீர்க் கூலர் போடலாமே என்ற தடைக்கு விடை சுருக்கமானது: அதன் ரேடியேட்டருக்கும் தகடு உண்டு, இன்னும் நெருக்கமாக உண்டு, கூடுதலாகப் பழுதாக ஒரு பம்பும் உண்டு. ஏசி ரூம் என்ற தடைதான் கனமானது. ஹாலின் 38 டிகிரியை 26 ஆக்கினால் 12 டிகிரி லாபம். எந்தக் கூலர் மாற்றமும் அவ்வளவு தருவது அரிது. ஆனால் மெர்ச்சண்டைசர் மேஜையில் சாம்பிள் பீஸ்கள் குவிந்திருக்கும் வரை பஞ்சு ஏசி அறைக்குள் அழைப்பின் பேரிலேயே வருகிறது, கதவைச் சாத்தினால் வெளியேயும் போக முடியாமல் தங்குகிறது.

கம்ப்ரெசர் ஏர் கன்னால் வாரம் ஒருமுறை அடித்துவிடுகிறோம் என்பவர்களுக்கு மூன்று சொற்கள் போதாது. மெஷினை ஊதும் அதே கன்னை ஃபேன் இருக்கும்போதே முன்னிருந்து அடித்தால், முகத்தில் படுத்திருந்த துணி கிழிந்து தகடுகளின் இடைவெளிக்குள் ஆப்பாக இறங்கும். அதற்குமுன் உரித்தெடுக்கக்கூடியதாக இருந்தது, இப்போது இல்லை. ஃபேன் தன் வேகத்துக்கு மேல் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டே அடிக்க வேண்டும். டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடாத கம்ப்ரெசர் என்றால் காற்றோடு நீர்த்துளியும் எண்ணெயும் மதர்போர்டில் விழும். முதலில் உரி, பிறகு பின்னிருந்து முன்னாக ஊது. வரிசை மாறக் கூடாது.

கடைசித் தடை கணக்குப்பிள்ளையுடையது: டேலி ஓட்ட இதெல்லாம் எதற்கு? நியாயம். பில் போட்டுக்கொண்டிருக்கும் பிராசஸர் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது. பெட்டியில் வந்த கூலர் ஃபிலீஸே போட்டிருந்தாலும் தாங்கும், பணத்தை மிச்சம் பிடிக்கலாம். மார்க்கர் போடும் கேட் (CAD) கம்ப்யூட்டரும், பிரின்ட் டிசைனும் எம்ப்ராய்டரி பஞ்சிங்கும் செய்யும் கம்ப்யூட்டரும் வேறு. துணியில் அரை சதவீதம் மிச்சம் பிடிக்க உருப்படிகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும் வேலை பிராசஸரை முழுச் சுமையில் நிறுத்துகிறது. கிளிப் வைத்த கூலருக்குச் செலவு செய்ய வேண்டிய இடம் அதுவே.

ரெய்சிங் பட்டறைக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. ஃபிலீஸ் துணியின் உட்புறத்தைக் கம்பிப் பற்களால் கீறிப் பஞ்சாக்குவதே அங்கே தொழில். கிளிப்பைக் கழற்றி, உரித்து, எடை போட்டு, ஏட்டில் குறிப்பதற்குள் அடுத்த சிங்கிள் ஜெர்சி தொடங்கிவிடும். அங்கே சிபியுவை ஆபீஸ் பக்கம் சுவருக்கு அப்பால் வைத்து, நீளமான கேபிளில் மானிட்டரையும் கீபோர்டையும் மட்டும் உள்ளே விடலாம். அதுவும் முடியாதென்றால் லாட் நம்பரைச் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிக்கொள்ளலாம். கரும்பலகைக்கு ஃபேன் கிடையாது.